புளி போட்டு விளக்கிய ராஜா

குதைபியா, மனாமா
15.11.2024, வெள்ளி

என் தங்கை பானுமதியின் கணவரும், சலாலா இளநீர்க் கடையின் புதிய மேனேஜருமான மாப்பிள்ளை பழனிச்சாமி அவர்களின் சமூகத்துக்கு, மச்சான் பாண்டித்துரை கை நோக எழுதுவது.

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்க மாட்டேன். தினமும் இளநீர் குடிக்கிற மனுசனுக்கு என்ன குறை?

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அஞ்சாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்துவிட்டு வந்தவன் நான். இந்த வயதில் என்னைப் பேனா பிடிக்க வைத்தது நீங்கள்தான். முதல் வாரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டாம் வாரம் பிளாக். வாட்ஸ்அப்பில் உங்கள் போட்டோ போய் ஒரு சாம்பல் பொம்மை நிற்கிறது. அதுவும் உங்களை மாதிரியேதான் இருக்கிறது. பேசாது, சிரிக்காது. நம்ம முதலாளி பாபாவுக்கு வரும் புத்தகங்களை எடுக்க தினமும் போஸ்ட் ஆபீஸ் போகிற டிரைவர் நான்தானே. அப்படியே இதையும் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பானு நன்றாக இருக்கிறாள். பாபா வீட்டம்மாவுக்குக் கால் இன்னும் சரியாகவில்லை, அதனால் சமையலும் அவள்தான், தூக்கி உட்கார வைப்பதும் அவள்தான். சமையலறைக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேரும் இருந்த அறையில் இப்போது அவள் தனியாகப் படுக்கிறாள். டிவியை அணைக்காமல் தூங்குகிறாளாம். கேட்டால், "அவரு குறட்டைச் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே" என்கிறாள். உங்கள் குறட்டைக்கும் ஒரு ரசிகை இருக்கிறாள் என்பது எனக்கே செய்திதான்.

அந்தப் பழங்காசை பாபா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கண் டாக்டராக இருந்த மனுசன், ரிட்டயர்டு ஆன பிறகு தினமும் லென்ஸை வைத்துப் பார்க்கிற ஒரே கண் அந்தக் காசில் இருக்கிற ராஜாவின் கண்தான். இப்போது அதையும் பார்ப்பதில்லை.

ஆயுத பூசை அன்றைக்கு நடந்ததை நடந்ததாகவே விட்டுவிடுவோம் மாப்பிள்ளை. நீங்கள் "நான்தான் தேய்ச்சேன்" என்றீர்கள், பாபாவின் மகன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், விசாவைக் கேன்சல் செய்தார்கள். கலாஸ், முடிந்தது. பெரிய மனுசன் கோபம் எத்தனை நாளைக்கு? நான் பக்கத்தில் இருந்து சமயம் பார்த்து நல்ல வார்த்தை சொல்லி உங்களைத் திருப்பி எடுக்க வைக்கிறேன். மச்சான் எதுக்கு இருக்கேன்?

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அந்த ராஜா பூசைத் தட்டில் பளபளவென்று இருந்தாரே, முகூர்த்தத்துக்குத் தயாரான மாப்பிள்ளை தோற்றுப் போவார். நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது.

பதில் போடுங்கள். சாம்பல் பொம்மையை எடுத்துவிட்டு உங்கள் மீசையைப் போடுங்கள்.

அன்பு மச்சான்
பாண்டித்துரை


சலாலா
4.12.2024

பாண்டித்துரை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கடை முதலாளி கௌஸ் முகைதீன் பாய் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல யாருப்பா உனக்கு லெட்டர் போடுறது?" என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன். மச்சான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் மேனேஜர் இல்லை. காலையில் இளநீர்க் குலையை வண்டியிலிருந்து இறக்கி அடுக்குகிறேன். பிறகு ரோட்டோரம் நின்று சீவிக் கொடுக்கிறேன். ஏழு வருடம் ஏசி அறையில் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பாபாவின் பழங்காசுத் தட்டுகளைத் தூசி தட்டிய கை இது. இப்போது இரண்டு உள்ளங்கையும் கொப்புளம். அது பரவாயில்லை, ஆறிவிடும்.

நடந்ததை விட்டுவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசைத் தேய்த்தது யார் என்று மூன்று பேருக்குத் தெரியும். உங்களுக்கு, எனக்கு, அந்தப் புளிக்கு.

நான் கையெழுத்துப் போட்ட அரபித் தாளில் என்ன இருக்கிறது என்று இங்கே ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னிடம் நகல் இருக்கிறது. "பழனிச்சாமி என்னும் வேலையாள் அறியாமையால் புளி போட்டுத் தேய்த்து இந்தக் காசைக் கெடுத்தார்." காசு கண்காட்சிக்குப் போக இருந்ததால், எப்படிக் கெட்டது என்று காசோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டுமாம். காசு எங்கே போனாலும் அந்தத் தாளும் போகுமாம். ஆயிரத்து நானூறு வருடம் இருந்த காசு அது. இன்னும் ஆயிரம் வருடம் இருக்கும். அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு படித்தவனும் என் பெயரைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

நான் இரண்டே விஷயம் கேட்கிறேன். அந்தத் தாளிலிருந்து என் பெயர் போக வேண்டும். பானு இருக்கிற ஊருக்கு நான் திரும்பி வர வேண்டும். நல்ல வார்த்தை எதுவும் எனக்காகச் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும். இரண்டு நிமிட வேலை.

நீங்கள் எழுதுவதை பானுவிடம் நான் சொல்லவில்லை. கேலி எழுதுவதாக இருந்தால் தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

பழனிச்சாமி


குதைபியா
27.12.2024

மாப்பிள்ளைக்கு,

"பாண்டித்துரை அவர்களுக்கு" என்று பார்த்ததும் ஏதோ பேங்கிலிருந்து கிரெடிட் கார்டு கட்டச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். எனக்குக் கார்டே கிடையாது என்று ஞாபகம் வந்த பிறகுதான் மேலே படித்தேன்.

கேலி வேண்டாம் என்றீர்கள். சரி. இதோடு நிறுத்திக்கொண்டேன்.

சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று தடவை முயற்சி செய்துவிட்டேன். முதல் தடவை, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகும் வழியில். பாபா ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். தொழப் போகிற மனுசனிடம் இதைச் சொல்லலாமா? இரண்டாம் தடவை, வீட்டில். வாயைத் திறந்தேன், பானு காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். மூடிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை நல்ல சமயம். தேசிய தினத்தன்று ஊரெல்லாம் கொடி, ரோடெல்லாம் வண்டி. ஒரு சிக்னலில் இருபது நிமிடம் நின்றோம். "பாபா, ஏக் பாத்", ஒரு விஷயம், என்று ஆரம்பித்தேன். பம்பாயில் படித்தவர் என்பதால் அவரோடு இந்தியில் பேசுவது சுலபம். ஆனால் அவர் முந்திக்கொண்டார். "பாண்டி, அந்தக் காசு எதுக்கு அடிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒருநாளும் என்னிடம் அதைப் பேசியதில்லை. உங்களிடம்தான் பேசுவார். உங்கள் இடம் காலியாக இருக்கிறதல்லவா, அதில் என்னை உட்கார வைத்தார்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். கிழக்கு ரோமானிய ராஜ்யம். ராஜா பெயர் ஹிரக்கல். நம்ம நபிகள் பின்னாளில் கடிதம் அனுப்பியது இவருக்குத்தான் என்று சொல்லும்போது பாபாவின் குரலே வேறு மாதிரி ஆகிறது. இந்தக் காசு அதற்கும் முன்னாடி. பாரசீகப் படை ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டு வருகிறது. டமாஸ்கஸ் போய்விட்டது. அடுத்தது ஜெருசலேம். உள்ளே இருக்கிற ஜனங்களுக்கும் சிப்பாய்களுக்கும் காசு வேண்டும். தலைநகரத்திலிருந்து வர வழி அடைபட்டுவிட்டது. வெண்கலத்தை உருக்கி வார்க்க நேரம் இல்லை. கையில் இருந்த பழைய காசையே கல்லில் வைத்து, பழைய ராஜா முகத்துக்கு மேலேயே புது ராஜா முகத்தை ஒரே அடி. பின்பக்கம் பெரிதாக எம் மாதிரி ஓர் எழுத்து, நாற்பது என்று அர்த்தமாம். அதுவும் ஒரு வருடம் ஓடவில்லை. ஊர் விழுந்துவிட்டது. அந்த ஊரில் அடித்த காசு என்று உலகத்தில் இருப்பதே கொஞ்சம்தான், இது அதில் ஒன்று என்று பாபா நம்புகிறார்.

கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லார்கிட்டயும் தப்பிச்ச காசு அது. படை வந்து தப்பிச்சது. பழனிகிட்ட தப்பிக்கல."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் என்ன செய்வேன்? வண்டியை எடுத்தேன்.

நாளை கட்டாயம் சொல்கிறேன்.

மச்சான்
பாண்டித்துரை


சலாலா
15.1.2025

பாண்டித்துரை அவர்களுக்கு,

நேற்று பொங்கல். பானு வீடியோவில் பொங்கல் பானையைக் காட்டினாள். காட்டிவிட்டுச் சொன்னாள்: "பித்தளைப் பானைய விளக்கப் புளிய எடுத்தேங்க. உங்க ஞாபகம் வந்து அப்படியே வச்சுட்டேன். ஏழு வருசம் அந்த ரூம்ல இருந்தீங்களே, அது விளக்கக் கூடாத சாமான்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமப் போச்சு?"

நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதலாளி ஏசினால் ஒரு நாளில் மறந்துவிடும். என் பெண்டாட்டி என்னை முட்டாள் என்று நினைக்கிறாள். அது மறக்கவில்லை.

நீங்கள் எழுதிய கதையை பாபா எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். ஒன்றை விட்டுவிட்டீர்கள். அல்லது உங்களுக்குச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர் விழும்போது அங்கே இருந்தவர்கள் தங்கள் காசை மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான். வரவில்லை. காசின் மேல் இருந்த அந்தப் பச்சைக் களிம்பு மண்ணுக்குள்ளேயே வளர்ந்தது. "ஆள் வரலை பழனி, அதான் மண்ணு போர்த்தி வச்சிருக்கு" என்பார். நான் அதை பிரஷ்ஷால்கூட அழுத்தித் தொட்டதில்லை. அதைத்தான் நீங்கள் பத்து நிமிடத்தில் வழித்து எடுத்தீர்கள்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் பொரி, வாழைப்பழம் வாங்கக் கடைக்குப் போனேன், பானு வீட்டம்மா அறையில் இருந்தாள். காசு அறையைப் பூட்டாமல் போனது என் தப்பு. அதை மறுக்கவில்லை. திரும்பி வந்தபோது உங்கள் கார்ச் சாவி, பானுவின் அரிவாள்மணை, என் பிரஷ், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் காசு தட்டில் பொட்டோடு இருந்தது. "உன் ஆயுதத்தையும் விளக்கிட்டேன் மாப்ளே" என்று சிரித்தீர்கள். அதற்குள் பாபாவும் மகனும் தொழுகை முடிந்து வந்துவிட்டார்கள்.

பாபா "யாரு?" என்று கேட்டார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மூன்று எண்ணும்போது நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். ஐந்தில் பானு உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏழில் நீங்கள் கையைப் பின்னால் கட்டினீர்கள், நகக்கண்ணில் புளி இருந்தது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய் அது. ஒரு வார்த்தை வரவில்லை. பத்து எண்ணி முடித்த பிறகுதான் "நான்தான் தேய்ச்சேன்" என்றேன்.

பானுவுக்கு அப்பா இல்லை, அண்ணன்தான். அந்த அண்ணன் பயந்தவன் என்று அவள் அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நீங்களே போய்ச் சொல்லிவிடுவீர்கள் என்றும் நினைத்தேன்.

மூன்று மாதம் ஆகிறது.

பழனிச்சாமி


குதைபியா
12.2.2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டேன். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய ஊரில் வழி கேட்டுத் திரும்பி வந்தேன். கேலியில்லை, நிஜம்.

நீங்கள் எண்ணியது எனக்குத் தெரியாது. நானும் ஒன்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஐம்பத்தோரு வயது, அந்த வாரம்தான் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, இந்த வயதில் வேறு யார் டிரைவர் வேலை கொடுப்பான். இதை எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள். அய்யோ என்று இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாதான் இன்னும் என்னை விடவில்லை.

இப்போது அவசரமாக எழுதக் காரணம் வேறு.

காசைப் பார்க்க ஒரு அம்மா வந்திருந்தார். பழைய சாமான்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். பெயர் சுகந்தா, யாழ்ப்பாணம். பாபா பெட்டியைத் திறந்து கொடுத்ததும், அந்தம்மா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதை ஆர் மினுக்கினது?" என்றார். பாபாவுக்குப் புரியவில்லை, யார் தேய்த்தது என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

"பச்சை எண்டது ஊத்தை இல்லை அண்ணை. ஆயிரம் வரியமா வளந்த தோல். போனா போனதுதான், திரும்ப வராது" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸில் பார்க்கச் சொன்னார். ராஜாவின் தாடிக்குப் பக்கத்தில் இன்னொரு தாடி தெரிகிறது மாப்பிள்ளை. காதுக்கு மேலே இன்னொரு காது. அடித்த அவசரத்தில் அடியில் இருந்த ராஜாவை முழுசாக அழிக்கவில்லை. பச்சை இருந்தபோது தெரியாதாம், இப்போது தெரிகிறதாம். பாபா அதைப் பார்த்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் அதுவல்ல. காசின் ஓரத்தில் வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாகப் புள்ளி வந்திருக்கிறது. சுகந்தாம்மா தாளைப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதிலை புளி எண்டு மட்டும்தான் கிடக்கு. உப்பும் போட்டவரோ? வெறும் புளி எண்டா பயமில்லை. உப்பு எண்டா உள்ளுக்கை இருந்து அரிச்சுக்கொண்டே வரும். ஒரு வரியத்திலை மாவாப் போயிடும். உப்பை எடுக்கிறதுக்கு வேறை வைத்தியம். போடாமல் அதைச் செய்தாலும் காசுக்குக் கேடு. மினுக்கினவர்தான் சொல்ல வேணும்."

போட்டேன். புளியோடு ஒரு கை கல்லுப்பு. உப்பு இல்லாமல் எங்கே பளபளப்பு வரும்?

அந்தம்மா உங்கள் நம்பரை பானுவிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உங்களுக்குப் போன் செய்வார். "ஆமா, உப்பும் போட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை. ஒரே ஒரு வார்த்தை. காசு பிழைத்துக்கொள்ளும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாண்டித்துரை


சலாலா
27.2.2025

பாண்டித்துரை அவர்களுக்கு,

அந்தம்மா போன் செய்தார். உப்பு போட்டீங்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். "நீங்கள்தானே மினுக்கினது? தெரியாமல் எப்பிடி?" என்றார். அவரே வைத்துவிட்டார்.

ஒரு பொய் சொன்னேன். அதற்கே மூன்று மாதத்துக்கு மேலாக இளநீர் சீவுகிறேன். இரண்டாவது பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. என் வாயைக் கடன் கேட்காதீர்கள். உங்களுக்கே ஒன்று இருக்கிறது.

அந்தக் காசு மாவாகப் போனால், அது உங்கள் கையால் இரண்டாம் தடவை.

இனி உங்கள் உறை வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். உறைக்கு வெளியே "சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தால் மட்டும் பிரிப்பேன்.

பழனிச்சாமி


(உறையின் மேல், முகவரிக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில்: சொல்லிவிட்டேன்.)

குதைபியா
21.3.2025

மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன். பிரித்ததற்கு நன்றி.

எப்படிச் சொன்னேன் என்று எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை. நானாகப் போய்ச் சொல்லவில்லை, வாய் தவறி வந்ததுதான்.

நோன்பு மாதம், சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். சுகந்தாம்மா மறுபடி வந்தார். பாபா, மகன், நான், எல்லாரும் காசு அறையில். பானு வீட்டம்மாவின் மருந்துச் சீட்டைக் கொடுக்க வாசலில் நின்றாள். புள்ளி பெரிதாகிவிட்டது. ராஜாவின் கிரீடத்தைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. "பழனிச்சாமிக்குத் தெரியாதாம்" என்று அந்தம்மா பாபாவிடம் சொன்னார். மகன், "அவன் பொய் சொல்றான், இன்னும் மறைக்கிறான்" என்றார். பாபா காசை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "பழனி பொய் சொல்ற ஆள் இல்லையே" என்று தனக்குத்தானே சொன்னார்.

சுகந்தாம்மா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "அண்ணை, உங்கட ஆக்கள் வீட்டிலை விளக்கு மினுக்கேக்கை உப்புப் போடுறதோ?"

"ஒரு கை போடுவோம்மா. நானும் ஒரு கைதான் போட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அந்தம்மா பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார். பானு வாசலிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள். "எத்தனை நேரம் ஊற வச்சேண்ணே?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டாள் பாருங்கள், கறிக்கு மசாலா கேட்கிற மாதிரி. பத்து நிமிடம் என்றேன். பிறகு அவள் சொன்னாள்: "அன்னிக்கு பாபா கேட்ட பிறகு நீ சிரிக்கவே இல்ல. அத்தனை கூத்துலயும் உன் வாயில இருந்து ஒரு கிண்டல் வரல. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாபாவிடம் நானே இந்தியில் சொன்னேன். முழுசாக. ஏன் செய்தாய் என்று கேட்டார். கேலிக்கு எடுத்தேன், அது நிஜம். ஆனால் அது மட்டும் இல்லை. கரும்பச்சையாக ஒரு வில்லையை வைத்துக்கொண்டு தினமும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறீர்களே, விளக்கிக் கொடுத்தால் லென்ஸ் இல்லாமல் பார்ப்பீர்களே என்று நினைத்தேன், சந்தோசப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். பாபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கையை நீட்டினார். நான் கை கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். கார்ச் சாவியைக் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் மாதத்தோடு எனக்கு விசா முடிகிறது. புதுப்பித்ததை ரத்து செய்துவிட்டார்கள்.

உங்கள் தாள் விஷயத்துக்கு வருகிறேன். கிழித்துவிடுங்கள் பாபா என்று கெஞ்சினேன். சுகந்தாம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கோப்பிலை போனதைக் கிழிக்கக் கூடாது அண்ணை. பிழை எண்டா வெட்டிப்போட்டு மேலை சரியானதை எழுதுறதுதான் முறை. பழசும் தெரிய வேணும்" என்றார். மகன் புதிதாக டைப் அடிக்கிறேன் என்றதற்கும் விடவில்லை. கடைசியில் பாபாவே பேனாவை எடுத்து, உங்கள் பெயர் மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே என் பெயரை எழுதினார். புளி என்பதற்குப் பக்கத்தில் உப்பு என்று சேர்த்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பெயர் கோட்டுக்கு அடியில் இன்னும் தெரிகிறது மாப்பிள்ளை. நீங்கள் கேட்டது போக வேண்டும் என்று. போகவில்லை. அந்தக் காசைப் போலவே ஆகிவிட்டது. அவசரத்தில் உங்கள் முகத்து மேல் அடித்தது நான்தான், அதை எந்தப் பேனாவாலும் முழுசாக எடுக்க முடியவில்லை. அதற்குத்தான் மன்னிப்பு கேட்கிறேன். முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இனி அந்தக் காசு உள்ள வரைக்கும் முட்டாள் நான்தான். நம்ம குடும்பத்தில் சரித்திரத்தில் இடம் பிடித்த முதல் ஆள். இந்த ஒரு கேலியை மட்டும் அனுமதியுங்கள்.

காசை சுகந்தாம்மா கொண்டுபோயிருக்கிறார். தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பை வெளியே எடுக்கிறாராம். மாசக்கணக்கில் ஆகும், பிழைக்கலாம், உறுதி இல்லை என்கிறார். உங்களுக்கு விசா போடச் சொல்லி பாபா மகனிடம் சொல்லிவிட்டார். பெருநாள் கழித்து வேலை ஆரம்பிக்கும். உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்றார். என்ன பேசுவார் என்று தெரியவில்லை.

பானு என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. மூன்று நாளாக எனக்கு வருகிற குழம்பில், ரசத்தில், பொரியலில், எதிலும் உப்பு இல்லை. வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறேன்.

கௌஸ் முகைதீன் பாய் கடையில் நீங்கள் கிளம்பினால் ஒரு ஆள் குறையுமே. ஐம்பத்தோரு வயது ஆளை எடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அரிவாள் பிடிக்கத் தெரியும். கொப்புளம் வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பாண்டித்துரை


சலாலா
6.4.2025

மச்சான்,

உறையைப் பார்த்ததும் முதலாளி, "என்னப்பா, வெளியிலயே லெட்டரை எழுதிட்டாரு?" என்றார். கடையை விட்டு இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் நின்று பிரித்தேன்.

பெயர் அடியில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் ஒரு நாள் முழுக்கக் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தெரியட்டும். யார் அடித்தது, யார் மேல் அடித்தது என்று பார்க்கிறவனுக்குப் புரியும். முன்பு அதுகூடப் புரியாது.

பானு போன் செய்தாள். முதலில் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு என்னைத்தான் திட்டினாள். "எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா? நான் உங்களை என்னென்ன பேசியிருக்கேன்" என்றாள். அண்ணனுக்கு உப்பு போடு என்றேன். "இன்னும் ஒரு வாரம் கழிச்சுப் பாக்கலாம்" என்றாள். அதில் நான் தலையிட முடியாது.

முதலாளியிடம் கேட்டேன். "வர்ற ஆளு வேலை தெரிஞ்சவரா?" என்றார். நன்றாக விளக்குவார் என்றேன். கடையில் ஒரு பித்தளைத் தராசு கிடக்கிறது, களிம்பு பிடித்துப் போய். அதை எவ்வளவு வேண்டுமானாலும் விளக்கிக்கொள்ளலாம், உப்பும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார். ஊருக்குப் போய்விட்டு மே மாதம் வரலாம், விசாவுக்கு அவரே பார்த்துக்கொள்வார். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். அரிவாளை எப்படிப் பிடித்தால் கொப்புளம் வராது என்று காட்டிவிட்டுத்தான் மனாமாவுக்குக் கிளம்புவேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் செய்ய வேண்டாம். நேரில் வாருங்கள்.

ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். உங்களைப் பார்த்ததும் நான் எதுவும் பேச மாட்டேன், எண்ண ஆரம்பிப்பேன். பத்துக்குள் ஏதாவது பேசிவிடுங்கள்.

பழனிச்சாமி